கொட்டகை மூங்கிலைத் துளைக்கும் கருவண்டு: மருந்து ஊற்றலாமா?

கும்பகோணத்தான்:
மாட்டுக்கொட்டகை மூங்கில்களில் கருவண்டு வட்ட வட்டமாகத் துளை போடுகிறது. கீழே ஒரே மரத்தூள். துளையில் மருந்து ஊற்றி அடைக்கச் சொல்கிறார் கடைக்காரர். செய்யலாமா?

கொள்ளிடக்கரை:
ஊற்றாதீர்கள் ஐயா. நாம் கருவண்டு என்றாலும் அது தனியாக வாழும் தேனீ இனம். மரத்தைத் தின்பதில்லை. குடைந்த இடத்தில் மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து உருட்டி வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, மரத்தூளால் தடுப்புக் கட்டும். அப்புறம் அடுத்த அறை. கொல்லையில் கத்தரி உண்டா? கத்தரிப் பூவில் மகரந்தப் பையின் நுனியில்தான் சிறு துளை இருக்கும். பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிர வைத்தால் பொடி கொட்டும். கருவண்டு அதைச் செய்யும், வயிற்றில் நீல வரி ஓடும் தேனீயும் செய்யும். பெட்டித் தேனீக்கு அந்த வேலை வராது.

மன்னார்குடி விவசாயி:
டெல்டாவில் நெல்தான் பிழைப்பு. நெல்லுக்குத் தேனீ வேண்டாம், தன் மகரந்தமே போதும். சம்பா அறுப்புக்கு முன்னால் தெளிக்கிற உளுந்தும் அப்படித்தான். கொட்டகை விழுந்தால் யார் கட்டித் தருவது?

கொள்ளிடக்கரை:
நெல்லுக்கும் உளுந்துக்கும் நீங்கள் சொல்வது சரி அண்ணே. ஆனால் படுகையில் பூசணியும் பாகலும் போடுகிறவர்கள் இருக்கிறார்களே? அவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூச்சி வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். கொட்டகைக்கும் வழி இருக்கிறது. அறையில் புழு இல்லாத காலத்தில் பழைய துளைகளை அடைத்து, கழிக்குப் பெயிண்ட் அடியுங்கள். பெயிண்ட் அடித்த மரத்தை அது பெரும்பாலும் தொடாது. ஒரு பக்கம் கணு மூடிய காய்ந்த மூங்கில் துண்டுகளை வேலியோரம் மழை படாமல் கட்டிவிட்டால் அங்கே போய்க் குடியேறும்.

திருவையாறு அக்கா:
மண்ணில் வளை தோண்டும் தேனீக்களையும் பாருங்கள். உலகில் 20,000 வகைக்கு மேல் தேனீ உண்டு. அதில் பெரும்பங்கு மண்ணுக்குள்தான் குஞ்சு பொரிக்கிறது. வயலில் தண்ணீர் நிற்கும்போது இங்கே அவற்றுக்கு மிஞ்சுவது திடலும் வரப்பும் பழைய மண்சுவரும்தான். வரப்பையும் மழிக்கிறோம், சுவரையும் சிமெண்ட் பூசிவிடுகிறோம். எங்கே போகும்?

மன்னார்குடி விவசாயி:
வரப்பை விட்டுவைத்தால் எலி வளை வைக்கும். குறுகலாக, புல் இல்லாமல் வை என்றுதான் வேளாண் துறையே சொல்கிறது. ஓர் இரவில் எலி கத்தரித்துப் போட்ட பயிரைப் பார்த்தவனிடம் தேனீ பேசாதீர்கள்.

திருவையாறு அக்கா:
நடுவயல் வரப்பை நீங்கள் வெட்டுங்கள் தம்பி, அதில் எனக்கு மறுப்பில்லை. களத்து மேட்டோரம், போர்செட் பக்கம் நாலு முழம் திடலை உழாமல், களைக்கொல்லி அடிக்காமல் விடுங்கள். தும்பையும் நெருஞ்சியும் தானாக வரும். இன்னொன்று, பூசணிப் பூ விடியலில் விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும். காலையில் மருந்தடித்தால் பூவில் இருக்கிற தேனீ மேலேயே விழுகிறது.

மன்னார்குடி விவசாயி:
சாயங்காலம் அடிக்கலாம், அது நியாயம். ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். திடலை விடுவது பற்றி எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

கும்பகோணத்தான்:
புழு எந்த மாதத்தில் இருக்காது என்று யாராவது சொன்னால், அதுவரை மருந்து வாங்காமல் இருக்கிறேன்.