நான்கு மாதத்தில் ஏழு பஞ்சர்: எந்த டயர் வாங்கலாம்?

கேள்வி:
ஞாயிறுதோறும் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை ரோடு பைக்கில் போய் வருகிறேன். வண்டியோடு வந்த 700x25 டயர், அதாவது 25 மி.மீ. அகலம். நான்கு மாதத்தில் ஏழு பஞ்சர்! மூன்று முறை டியூப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. இரண்டு முறை ரிம் பக்கமாக ஓட்டை. ஒரு முறை கம்பித் துண்டு. போன வாரம் கோவளம் தாண்டியதும் வால்வு அடியோடு கிழிந்துவிட்டது. மாற்று டியூப் இல்லாமல் ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தேன். நன்றாக உழைக்கிற டயர் ஒன்று சொல்லுங்கள். எடை கூடினாலும் பரவாயில்லை.

பதில் 1:
அண்ணா, நீங்கள் சொன்னதில் அந்தக் கம்பி மட்டும்தான் டயரைத் தாண்டி வந்தது. ஜோடி ஓட்டை என்றால் காற்று குறைவு. பள்ளத்தின் விளிம்பில் இடிக்கும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் நசுங்குகிறது. இந்த மெல்லிய டியூப்களில் ஒரு வாரத்தில் காற்று நன்றாகவே இறங்கிவிடும். கிளம்பும் முன் ஒவ்வொரு முறையும் அடியுங்கள். ரிம் பக்க ஓட்டைக்கு ரிம் டேப்பைப் பாருங்கள், ரிம்மின் உள்ளே ஸ்போக்ஸ் துளைகளை மூடும் பட்டை அது, விலகியிருக்கும். வால்வு கிழிவது பெரும்பாலும் கைப்பம்பை ஆட்டி ஆட்டி அடிப்பதால். வால்வை ஒரு கையால் ரிம்மோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும்.

கம்பி விஷயத்தில் நான் பட்டது பெரிய பாடு. ஒரே இடத்தில் மூன்று முறை பஞ்சர். விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. கடைசியில் டயரின் உள்பக்கம் பஞ்சை வைத்து இழுத்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் பஞ்சு இழை மாட்டியது. டயரை அந்த இடத்தில் வளைத்தபோதுதான் தலைமுடி கனத்தில் ஒரு கம்பி நுனி எட்டிப் பார்த்தது. லாரி டயர் வெடித்துச் சிதறும் கம்பி அது. புருவம் திருத்தும் இடுக்கியால் பிடுங்கினேன். அன்றிலிருந்து டயரின் பெயர் எழுத்து வால்வுக்கு நேராக வரும்படிதான் மாட்டுவேன். டியூப்பில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால் டயரில் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

சரி, டயர். நான் ஓட்டுவது கான்டினென்டல் கேட்டர்ஸ்கின், 28 மி.மீ. அகலம். பக்கச்சுவர் உறுதி, அதற்காகவே எனக்குப் பிடிக்கும். மழை ஈரத்தில் பிடிமானம் கொஞ்சம் குறைவு, வளைவில் நிதானம் வேண்டும். ஷ்வால்பே மாரத்தான் பிளஸ்ஸில் 5 மி.மீ. ரப்பர் தடுப்பு உண்டு, முள்ளுக்கு அசையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்கு அவ்வளவு எடை தேவையில்லை என்பேன். 28 வாங்கும் முன் பிரேக்கிலும் ஃபோர்க்கிலும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பதில் 2:
மாற்று டியூப்பைப் பவுடர் தூவி, சின்னப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். என் பையில் ஸ்பேனர் உரசியே புது டியூப் ஓட்டையானது. அப்புறம், பேட்ச் ஒட்டும்போது சொல்யூஷன் நன்றாகக் காயட்டும். ஈரத்தோடு ஒட்டினால் நிற்காது.

கேள்வி கேட்டவர்:
இப்போதுதான் பின் சக்கரத்தைக் கழற்றினேன். ரிம் டேப் ஒரு பக்கமாக ஒதுங்கி, இரண்டு ஸ்போக்ஸ் துளை பாதி திறந்து கிடக்கிறது. விளிம்பு விரலைக் கீறுகிறது தம்பி. நாளைக்கே துணி டேப் வாங்குகிறேன். முன் சக்கரத்துக்கும் சேர்த்து.