19 வருடம் பாடம் நடத்தியவள், டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) சைக்காலஜியில் 30க்கு 10. எப்படிப் படிப்பது?

குடியாத்தம் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கே.வி.குப்பம் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். 2006இல் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் வந்தவள். வயது 48. எங்களை வேலைக்கு எடுத்தபோது டெட் என்ற பேச்சே கிடையாது. கல்வி உரிமைச் சட்டம் வந்ததே 2009இல். டெட் கட்டாயம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் (என்.சி.டி.இ.) அறிவித்தது 2010 ஆகஸ்டில்.

2025 செப்டம்பர் 1 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓய்வு பெற ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் தேர்ச்சி பெற்றாக வேண்டும். எனக்கு இன்னும் 12 வருடம் இருக்கிறது. அன்று ராத்திரி நான் தூங்கவே இல்லை.

நவம்பர் 15 அன்று, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கான தாள் 1 எழுதினேன். படிக்க நேரம் பார்த்து வைத்திருந்தபோது, தேர்வுக்கு 11 நாள் முன்னால் வாக்காளர் பட்டியல் திருத்த வேலையும் வந்து சேர்ந்துகொண்டது. பகலில் பள்ளி, சாயந்திரம் தெருத்தெருவாகப் படிவம், அப்புறம் வீட்டு வேலை. ஆன்சர் கீ வைத்துப் போட்டுப் பார்த்ததில் தமிழ் 22, சூழ்நிலையியல் 20, கணிதம் 11, சைக்காலஜி 10, ஆங்கிலம் 9. மொத்தம் 150க்கு 72.

கணக்கும் ஆங்கிலமும் போனது எனக்குப் புரிகிறது. பிளஸ் டூ முடித்து 30 வருடம் ஆகிறது. மனதை அறுப்பது சைக்காலஜிதான். எந்தப் பிள்ளை பசியோடு வந்திருக்கிறது, எது ராத்திரி அப்பா அடித்ததில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது என்று வாசலில் நுழையும்போதே சொல்லிவிடுவேன். எனக்கு அதில் 10 மதிப்பெண். எங்கே தவறு செய்கிறேன்? ஆறு மாதத்தில் இதைச் சரிசெய்ய முடியுமா? கோச்சிங் போக நேரமும் இல்லை, தெம்பும் இல்லை.

ஒடுகத்தூர் தங்கை:

அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். தவறு உங்கள் அனுபவத்தில் இல்லை. நானும் அதே இடத்தில் சறுக்கியவள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் டெட் எழுதியது 2013 ஆகஸ்டில். 86 எடுத்தேன். அப்போது 90 வேண்டும். 2014 பிப்ரவரியில் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்த்தியபோதுதான் தேர்ச்சி என்று வந்தது. அப்புறம் வெயிட்டேஜ் என்று பிளஸ் டூ மதிப்பெண்ணையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள், என் பழைய மதிப்பெண் என்னைக் கீழே தள்ளிவிட்டது. 2018இல், டெட் தேர்ச்சி மட்டும் போதாது, நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு என்று அரசாணை வந்தது. 7 வருடம்தான் செல்லும் என்றிருந்த சான்றிதழை 2021இல் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று மாற்றினார்கள். அந்தப் போட்டித் தேர்வை 2024 ஜூலை 21 அன்று எழுதித்தான் இந்த வேலைக்கு வந்தேன். 11 வருடம், அக்கா. நடுவில் ஒரு தனியார் பள்ளியில் மாதம் 7,000 ரூபாய்க்கு வேலை பார்த்தேன். ஆகவே தேர்வு நியாயமா என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. உங்களுக்கு அது தேவையும் இல்லை.

சைக்காலஜிக்கு வருகிறேன். அந்த 30 கேள்வியும் நம் வகுப்பைப் பற்றித்தான் கேட்கிறது, ஆனால் பதிலை வேறு பெயரில் எதிர்பார்க்கிறது. நாம் “நான் என்ன செய்வேன்” என்று யோசித்து விடையைத் தொடுகிறோம். அங்கே வேண்டியது, பிள்ளைகளின் மன வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர்கள் பியாஜே என்ன சொன்னார், வைகாட்ஸ்கி என்ன சொன்னார் என்பது. எனக்கு இது புரிந்த விதத்தைச் சொல்கிறேன்.

தனியார் பள்ளியில் இருந்தபோது ஒன்றாம் வகுப்பில் ஒரு சொம்புத் தண்ணீரை நீளமான டம்ளரில் ஊற்றினேன். அதே அளவு இன்னொரு சொம்பை அகலமான கிண்ணத்தில் ஊற்றினேன். எதில் அதிகம் என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் டம்ளரைக் காட்டின. ஐந்தாம் வகுப்பில் அதையே செய்தேன். “ரெண்டும் ஒண்ணுதான் மிஸ், நீங்க ஊத்துனதைப் பார்த்தோமே” என்றார்கள். இதுதான் பியாஜே. 2 முதல் 7 வயது வரை செயலுக்கு முற்பட்ட நிலை, பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்பது அந்த வயதில் பிடிபடாது. அதற்குப் பிறகு 11 வரை பருப்பொருள் நிலை, கண்ணெதிரே இருக்கும் பொருளை வைத்துச் சரியாக யோசிக்க வரும். கையால் செய்து பார்த்த பிறகு எனக்கு அந்த வயதுக் கணக்கு மறக்கவே இல்லை.

வைகாட்ஸ்கியும் அப்படித்தான். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத பிள்ளைக்கு முதலில் புளியங்கொட்டை கொடுப்போம், பக்கத்தில் உட்காருவோம், அப்புறம் கொட்டையை எடுத்துவிடுவோம், கடைசியில் நாமும் எழுந்து போய்விடுவோம். கட்டடத்துக்குச் சாரம் கட்டி, வேலை முடிந்ததும் பிரிப்பார்களே, அதே சொல்தான் புத்தகத்திலும். சாரம் கட்டுதல். தானாகச் செய்ய முடிவதற்கும், உதவி இருந்தால் செய்ய முடிவதற்கும் நடுவே இருக்கும் இடம் அண்மை வளர்ச்சி மண்டலம். நீங்கள் 19 வருடமாகச் செய்வதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு நோட்டுப் போட்டு, இடதுபக்கம் உங்கள் வகுப்பில் நடந்தது, வலதுபக்கம் புத்தகப் பெயர் என்று எழுதுங்கள். தினம் இரண்டு போதும்.

கணக்குக்கு கைடு வாங்காதீர்கள். ஒன்று முதல் ஐந்துவரை உள்ள பாடத்தில்தான் கேட்பார்கள், ஆனால் கேள்வியின் கடினம் பத்தாம் வகுப்புவரை போகும். நம் பாடநூலில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்கைப் பயிற்சி வினாவோடு போட்டுவிட்டு மேலே போங்கள். ஆங்கிலத்தில் இலக்கணத்தை மட்டும் பிடியுங்கள், 9 என்பது 15 ஆனால் போதும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது இல்லை, ஒரு வட்டத்தையும் காலியாக விடாதீர்கள்.

காட்பாடி, ஓய்வு தலைமையாசிரியர்:

தங்கை சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன் அம்மா. தாள் 1 உங்கள் இப்போதைய வேலையைக் காக்கும். பி.எட். முடித்திருந்து, பட்டதாரி ஆசிரியராகப் பதவி உயர்வு எண்ணம் இருந்தால் தாள் 2 எழுத வேண்டும். முதலில் தாள் 1ஐ முடியுங்கள், இரண்டையும் சேர்த்துத் தூக்காதீர்கள்.

வேலையில் இருந்துகொண்டு படிப்பது நம் துறையில் புதிது இல்லை. தலைமையாசிரியர் ஆவதற்காகத் துணை ஆய்வாளர் தேர்வும் கணக்குத் தேர்வும் (அலுவலக வரவுசெலவுக் கணக்கு) நான் எழுதியபோது வயது 45. டி.என்.பி.எஸ்.சி. துறைத் தேர்வு மே, டிசம்பர் என்று வருடம் இரண்டு முறை வரும். கணக்குத் தேர்வில் முதல் முறை தோற்றேன். விடிகாலை நாலரைக்கு எழுந்து படித்துத்தான் அடுத்த முறை தேறினேன். வேலூர் வெயிலில் பகலில் படித்தால் எதுவும் தலையில் நிற்காது.

பேரணாம்பட்டு உருது ஆசிரியை:

என் நிலையும் இதுதான் ஆபா. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு டெட் பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் அரசுப் பள்ளி என்பதால் காத்திருக்க வழி இல்லை. மொழிப் பாடத்தில் உருதுவை எடுத்துக்கொள்ளலாம் என்பது ஒரு ஆறுதல். தங்கை, அந்த நோட்டின் இரண்டு பக்கத்தைப் படம் எடுத்துப் போட முடியுமா? நான் பார்த்து எழுதிக்கொள்கிறேன்.

குடியாத்தம் டீச்சர்:

தங்கை, இன்று மதியம் சத்துணவுக்கு முன்னால் சொம்பும் டம்ளரும் கிண்ணமும் வைத்துச் செய்து பார்த்தேன். ஒன்றாம் வகுப்பில் 14 பேர். 13 பேர் டம்ளர் என்றார்கள். ஒரே ஒரு பெண் பிள்ளை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “திரும்ப சொம்புல ஊத்துங்க, பார்க்கலாம்” என்றாள். அவளுக்கு இன்னும் ஏழு முடியவில்லை. அந்த வயதுக் கோட்டைச் சிலர் முன்னாலேயே தாண்டுவார்களா? இதைப் பற்றித் தேர்வில் கேட்டால் என்ன எழுதுவது? நோட்டில் இடதுபக்கம் எழுதிவிட்டேன். வலதுபக்கம் காலியாக இருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள்.

ஒடுகத்தூர் தங்கை:

தாண்டுவார்கள் அக்கா. வயது முன்பின் ஆகலாம், நிலைகளின் வரிசைதான் மாறாது என்று வலதுபக்கம் எழுதுங்கள். அவள் சொன்னதற்கும் ஒரு பெயர் உண்டு, மீள்தன்மை. செய்ததை மனதுக்குள் திருப்பிப் பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்துக்கு மாமியார் வீட்டுக்கு வருகிறேன், ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து வையுங்கள்.