புதுப்பிப்பு: பூலி நாயின் சடையில் முடைநாற்றம் (தீர்ந்தது)

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருக்கும் எங்கள் பூலிக்கு (முடி கயிறு கயிறாகச் சடைபிடித்து வளரும் ஹங்கேரிய மேய்ச்சல் நாய்) குளித்து இரண்டு நாளாகியும் சடைநாற்றம் போகவில்லை என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி, போய்விட்டது.

பலித்தது "கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர்" என்ற யோசனைதான். இங்கே போர் தண்ணீர் ஒரே உப்பு. ஷாம்பு நுரைக்காது, பிசுக்கு சடைக்குள்ளேயே தங்கிவிடும். ஷாம்பு ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு. தேய்க்கக் கூடாது, பிழிய வேண்டும். முடிவில் இரண்டு கேன், 40 லிட்டர். பிறகு ஒவ்வொரு சடையாகத் துண்டில் சுற்றிப் பிழிந்து, கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, அடியில் ஒரு ஃபேன், பக்கத்தில் ஒன்று. அப்படியும் வேர்வரை காய மறுநாள் ஆகிறது.

எதிர்பாராதது: வயிற்றுச் சடைகள் வேரில் ஒட்டிப் பாயாகக் கிடந்தன, நடுவே சீமைக்கருவேல முள். கையால் தோல்வரை பிரித்த பிறகே அங்கே ஈரம் காய்ந்தது.