கீபோர்டு ஃபர்ம்வேர்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

61 விசை மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கி மூன்று வாரம் ஆகிறது. அம்புக்குறிகள் தனியாக இல்லாததுதான் படுத்துகிறது. அப்புறம் கேப்ஸ் லாக்கைத் தட்டினால் எஸ்கேப்பாகவும் அழுத்திப் பிடித்தால் கன்ட்ரோலாகவும் வேலை செய்ய வைக்க ஆசை. க்யூஎம்கே, வியா, இசட்எம்கே என்று ஆளுக்கொரு மென்பொருளைச் சொல்கிறார்கள். சி மொழி ஓரளவு தெரியும். ஆனால் ஃபர்ம்வேரை (கீபோர்டுக்குள் ஓடும் நிரலை) ஃபிளாஷ் செய்ததே, அதாவது சிப்பில் ஏற்றியதே, இல்லை. கீபோர்டு செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில் 1

பயத்தை முதலில் பார்த்துவிடுவோம். நீங்கள் மாற்றப்போவது ஃபர்ம்வேரை மட்டும்தான். அதை ஏற்றும் சிறு நிரலான பூட்லோடர் தனி. ஆர்பி2040 சிப் என்றால் அது ரோம் நினைவகத்திலேயே இருக்கிறது, அழிக்கவே முடியாது. ஏடிமெகா32யூ4 வகையிலும் வழக்கமாக ஃபிளாஷ் செய்யும்போது பூட்லோடர் பகுதியில் கை வைப்பதில்லை. தப்பான கோப்பை ஏற்றினாலும் திரும்பி வர வழி இருக்கிறது. அந்த வழியை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

நான் அதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கினேன். வேறொரு கீபோர்டின் கோப்பை ஏற்றிவிட்டேன், ஒரு விசைகூட வேலை செய்யவில்லை. பின்மூடியைக் கழற்றினால் ஆர்எஸ்டி (ரீசெட்), ஜிஎன்டி (கிரவுண்ட்) என்று அச்சிட்ட இரண்டு புள்ளிகள். பூட்லோடரை எழுப்ப, ட்வீசரின் இரு முனையால் அவற்றை இணைத்து, டக் டக்கென்று இரண்டு முறை தொட வேண்டும். அந்த போர்டில் பூட்லோடர் 8 விநாடிதான் காத்திருக்கும், அதற்குள் ஃபிளாஷ் தொடங்கியாக வேண்டும். மூன்றாவது முயற்சியில் பிடித்தேன். ஆர்பி2040 என்றால் இந்தப் பாடே இல்லை: பூட் பட்டனை அழுத்தியபடி கேபிளைச் செருகினால் பென் டிரைவ் மாதிரி கணினியில் தெரியும், ஃபர்ம்வேரின் யூஎஃப்2 கோப்பை அதில் போட்டால் முடிந்தது. கேபிள் டேட்டா செல்லும் கேபிளா என்று பாருங்கள், சார்ஜ் மட்டும் ஆகும் கேபிளில் எதுவுமே தெரியாது.

விசைகளின் வேலையைக் கணினியிலிருந்தே மாற்ற உதவும் வியா செயலியை உங்கள் கீபோர்டு ஆதரித்தால், ஃபிளாஷ் செய்யாமலே தொடங்குங்கள். அடுக்கு என்பது அதே விசைகளுக்குத் தரும் இன்னொரு வேலைத் தொகுப்பு. அடுக்கு 1-இல் ஐ, ஜே, கே, எல் விசைகளில் அம்புக்குறிகளை வையுங்கள். அடிப்படை அடுக்கில், கட்டைவிரல் எட்டும் ஒரு விசைக்கு எம்ஓ(1) கொடுங்கள், அதைப் பிடித்திருக்கும்வரை அடுக்கு 1 இயங்கும். அடுக்கு 1-இல் அதே விசையை டிரான்ஸ்பரன்ட்டாகவே (கீழ் அடுக்கின் வேலையே தொடரும்படி) விடுங்கள். அங்கே வேறு எதையாவது வைத்தால் அந்த அடுக்கிலேயே சிக்கிக்கொள்ளக்கூடும். ஒரு வாரம் இதை மட்டும் பழகுங்கள். முதல் நாளிலேயே எல்லா விசையையும் மாற்றியவர்கள் பழையதற்கே ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

பதில் 2

வயர்லெஸ் கீபோர்டு என்றால் இசட்எம்கே ஃபர்ம்வேர். வயர் என்றால் க்யூஎம்கேயே போதும், வியா அதன் மேல்தான் ஓடுகிறது. ஒன்று கவனியுங்கள்: எஸ்கேப்பை அழுத்தியபடி கேபிளைச் செருகினால் பல கீபோர்டுகள் பூட்லோடருக்குப் போகும், ஆனால் வியாவில் சேமித்த அமைப்பும் அழிந்துவிடும். முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

கேட்டவர்

வியாவிலேயே முடிந்தது, நன்றி! அம்புக்குறிகள் இரண்டே நாளில் கைக்கு வந்துவிட்டன. ஆனால் கேப்ஸ் லாக்தான் இடறுகிறது. வேகமாக கன்ட்ரோல்+சி அடித்தால் எஸ்கேப்பும் சி எழுத்தும் வந்து விழுகின்றன.

பதில் 1

காரணம் டேப்பிங் டெர்ம், அதாவது தட்டலா பிடித்தலா என்று முடிவுசெய்யும் நேர வரம்பு. க்யூஎம்கேயில் இயல்பாக 200 மில்லிவிநாடி. அதற்குள் கேப்ஸை விட்டுவிட்டால், இடையில் சி-யை அழுத்தியிருந்தாலும் அதைத் தட்டலாகவே எடுத்துக்கொள்ளும். நேரத்தைக் குறைக்கத்தான் முதலில் தோன்றும். அதைச் செய்யாதீர்கள், மெதுவாகத் தட்டும்போது எஸ்கேப் வராமல் போகும். ‘பெர்மிசிவ் ஹோல்ட்’ போடுங்கள். கேப்ஸைப் பிடித்திருக்கும்போதே சி-யை அழுத்தி எடுத்துவிட்டால், அந்த நேரத்துக்குள்ளேயும் கன்ட்ரோல் என்று புரிந்துகொள்ளும். எஸ்கேப்புக்காகத் தட்டிய கேப்ஸை விடுமுன் அடுத்த விசை மேல் விரல் விழுந்தாலும், அந்த நேரத்துக்குள் கேப்ஸை முதலில் விட்டால் அது எஸ்கேப்தான்.

இதை வியாவில் மாற்ற முடியாது. இப்போதுதான் க்யூஎம்கேயை நீங்களே கம்பைல் செய்ய வேண்டிய வேளை வருகிறது. உங்கள் கீபோர்டின் பெயர் க்யூஎம்கே களஞ்சியத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இருந்தால் கான்ஃபிக் கோப்பில் ஒரே வரி. இல்லையென்றால் தயாரித்தவர்களிடம் மூலநிரலும் பழைய ஃபர்ம்வேர் கோப்பும் கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை ஃபிளாஷ் செய்யாதீர்கள்.