ஆயிரம் பேசிட்டு அம்பது குடுத்த மேயர் – உங்க வீட்டு பசங்க என்ன சொன்னாங்க?

பசங்களுக்கு எலி புடிக்கிற குழல்காரன் பாட்ட படிச்சு காட்டுனவங்க இருந்தா எழுதுங்க, நானே ஆரம்பிக்கிறேன். காசிமேட்டுல எங்க வீட்டு மாடியில சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். மூர் மார்க்கெட்ல ஒரு பழைய படப்புத்தகம் கிடைச்சுது, ராபர்ட் பிரௌனிங் 1842ல எழுதுன பாட்டு, கேட் கிரீனவே 1888ல படம் போட்டது. ஊரு பூரா எலி, பாதி மஞ்ச பாதி சிவப்பு கோட்டு போட்ட ஒருத்தன் வந்து குழல் ஊதியே எல்லாத்தையும் வேசர் ஆத்துல முழுகடிச்சிடுவான். இங்கிலீஷ்ல ஒரு வரி, நம்ம பாஷையில ஒரு வரின்னு சொல்லிட்டே வரேன், பாட்டுலயே "மேயர் அண்ட் கார்ப்பரேஷன்"னு வருதா, உடனே ஒருத்தன் "அங்கயும் ரிப்பன் பில்டிங் கீதா டீச்சர்?"னான், நம்ம சென்னை கார்ப்பரேஷன் ஆபீஸத்தான் சொல்றான்.

எலிய ஒழிக்க குழல்காரன் ஆயிரம் கில்டர், அந்த ஊரு பழைய காசு, கேட்டப்போ ஆயிரம் என்ன அம்பதாயிரமே தரேன்னு குதிச்ச மேயர், எலி செத்ததும் அம்பது வாங்கிக்கன்றான். அதுக்கு மேல பக்கத்த திருப்ப விடல பசங்க, பேசுன துட்ட குடுக்கணுமா வேணாமான்னு ஒரே சண்ட. அப்போ மீன்பிடி தடைக்காலம் வேற, 61 நாள் கடலுக்கு போட்டு போவாது, படியில உக்காந்து கிழிஞ்ச வலைய தைச்சுட்டு இருந்த ஒரு பையனோட அப்பா தலைய தூக்காமலே சொல்றாரு, "டீசலு, ஐஸு செலவு கழிச்சிட்டான் போல." கடைசியா ஊர் புள்ளைங்க எல்லாத்தையும் குழல்காரன் மலைக்குள்ள கூட்டிட்டு போற படம் வந்துச்சு, வெள்ள கவுன் போட்ட பொண்ணுங்க. நாலாவது படிக்கிற ஒருத்தி ரொம்ப நேரம் பாத்துட்டு, "மேயரு புள்ளைய மட்டும் இட்னு போயிருக்கலாம்ல?"ன்னா. எனக்கு பதில் வரல.

---

அக்கா, நாங்க வியாசர்பாடி. பொண்ணுக்கு அம்மை போட்டு வேப்பிலையோட படுத்திருந்தப்போ போன்ல பாத்து இதே பாட்ட சொன்னேன், படத்த காட்டாம. அவளே பழைய நோட்டு அட்டையில எலி வரைஞ்சா, எல்லாமே எங்க வாசல் சாக்கடையில ஓடுற பெருச்சாளி சைஸு. அப்புறம்தான் படிச்சேன், பிரௌனிங் இத எழுதுனதே உடம்பு சரியில்லாம படுத்திருந்த ஒரு நடிகரோட பையன் படம் போட்டு பொழுத ஓட்டட்டும்னுதானாம். ஆத்த நீந்தி தப்பிச்ச அந்த ஒத்த எலிக்கு மட்டும் மீச பெருசா போட்டிருக்கா.

---

பெரம்பூர்ல ஸ்கூல் படிச்சப்போ இத டிராமாவா போட்டாங்க. எனக்கு சின்ன வயசுலயே போலியோ, அதனால யோசிக்காம அந்த கால் சரியில்லாத பையன் வேஷத்த எனக்கு குடுத்துட்டாங்க, மலைக்கதவு மூடுறதுக்குள்ள போய் சேர முடியாம வெளியில நின்னுடுவானே, அவன். கால் சரியாயிடும்னு நம்புன நேரத்துல பாட்டு நின்னுபோச்சுன்னு சொல்லி அழணும். வீட்டுல கண்ணாடி முன்னாடி அழுது பாத்தேன், வரவே இல்ல. அன்னிக்கு பெட்ஷீட்டு மலைக்கு பின்னாடி எல்லாரும் ஓடிட்டாங்க, நான் மட்டும் மேடையில தனியா வசனத்த சொல்லிட்டு இருக்கேன், உள்ள சமோசா பிரிக்கிற சத்தம் கேக்குது. அழுகை தானா வந்துச்சு, செம கைத்தட்டு. முடிச்சுட்டு உள்ள போனா எண்ணெய் பேப்பர் மட்டும்தான் கிடந்துச்சு.