டிக்கெட் பிசினஸ் கிளாஸ், உட்கார வைத்தது எகானமியில்: பணத்தை எப்படி வாங்குவது?

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து டெல்லியிலிருந்து மதுரை திருநகர் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். காலை நீட்டி வரட்டுமே என்று சென்னை வரை பிசினஸ் கிளாஸ், ஆளுக்கு 32,000 ரூபாய். போன மாதம் 14ஆம் தேதி, மதியம் 1 மணி விமானம். ஐந்து மணி நேரம் தாமதம். கடைசியில் வந்தது பிசினஸ் கிளாஸே இல்லாத வேறு விமானம். அம்மாவுக்குக் கிடைத்தது நடு சீட்! மதுரை விமானமும் போச்சு. கிளாம்பாக்கத்தில் ஆம்னி பஸ் பிடித்து, விடியக்காலை மாட்டுத்தாவணியில் இறங்கினோம்.

2023 பிப்ரவரி 15 முதல் உள்ள டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு) விதிப்படி, உள்நாட்டு விமானத்தில் இப்படி வகுப்பைக் குறைத்தால் வரி உட்பட டிக்கெட் விலையில் 75% திருப்பித் தரணும். ஆளுக்கு 24,000 வருது. கம்பெனி தருவதாகச் சொல்வது 6,000, அதுவும் வவுச்சராக.

கஸ்டமர் கேருக்கு நாலு மெயில் போட்டாச்சு, எல்லாவற்றுக்கும் "வருந்துகிறோம்"தான். கம்பெனியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரியிடமிருந்து பதிலே இல்லை. ஏர்சேவாவில் (விமானப் பயணிகளுக்கான அரசின் புகார் தளம்) போட்ட புகாரை 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். டிக்கெட், போர்டிங் பாஸ், சீட் மாறிய எஸ்எம்எஸ் எல்லாம் பத்திரமாக இருக்கு.

இந்த 75% வாங்கியவர்கள் சொல்லுங்க: அடுத்து கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதணுமா, நேராக மதுரை நுகர்வோர் ஆணையத்துக்கே போயிடலாமா?