ஆடியோ கருவியின் டிரைவரை லினக்ஸுக்குக் கொண்டுவர உதவி தேவை

நண்பர்களே, வணக்கம். விண்டோஸில் இயங்கும் ஒலிப்பதிவு மென்பொருள் ஒன்றை லினக்ஸுக்கு மாற்றி வருகிறேன். மென்பொருள் ஜாக் (லினக்ஸில் மென்பொருள்களுக்கிடையே ஒலியைக் கடத்தும் சேவை) வழியாக நன்றாகவே ஓடுகிறது. முட்டுக்கட்டை யுஎஸ்பி ஆடியோ கருவிதான். அது பொதுத் தரத்தைப் பின்பற்றாததால் லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவின் யுஎஸ்பி டிரைவர் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

விண்டோஸில் நடக்கும் யுஎஸ்பி பரிமாற்றத்தை தரவுப் போக்குவரத்தைப் பதிவுசெய்யும் மென்பொருளான வயர்ஷார்க்கில் பிடித்து, 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தை அமைக்கும் கட்டளையைக் கண்டுபிடித்துவிட்டேன். அதை லினக்ஸிலிருந்து அனுப்பினால் ஒலி வருகிறது. கொஞ்ச நேரத்தில் டிக் டிக்கென்று வெட்டத் தொடங்குகிறது. பஃபரை (ஒலித்தரவைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் இடம்) பெரிதாக்கினால் வெட்டு தள்ளிப்போகிறதே தவிர நிற்கவில்லை. ஆகவே கருவியின் கடிகாரமும் கணினியின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை என்றே நினைக்கிறேன்.

கருவி தன் கடிகார வேகத்தைச் சொல்லி அனுப்பும் பின்னூட்ட மதிப்பைப் படித்து, அதற்கேற்ப அனுப்பும் தரவுப் பாக்கெட்டின் அளவைக் கூட்டிக் குறைத்த அனுபவம் யாருக்காவது உண்டா? தரத்தைப் பின்பற்றாத கருவிகளுக்கான அல்சாவின் விதிவிலக்குப் பட்டியலில் இதைச் சேர்த்தாலே போதுமா, தனி டிரைவர்தான் எழுத வேண்டுமா? நல்ல கருவி இது, வீணாகக் கிடக்கக் கூடாது. வயர்ஷார்க்கில் பிடித்த கோப்புகள் வேண்டும் என்பவர்களுக்கு உடனே அனுப்புகிறேன்.